வாய்க்காலுக்கு மேற்கேயும் பாண்டி இருக்கு சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் இணைப்புல பாண்டிச்சேரிக்கு ரெண்டு நாள் டூர் போறது எப்படின்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. மஞ்சச் சுவரு, காகிதப்பூ கொடி, சுவத்துல சாய்ச்சு வச்ச ஒரு சைக்கிள், பீச் ரோட்டுல காந்தி சிலை, படகு ஏறி பாரடைஸ் பீச், கடைசியா ஆரோவில் தங்க உருண்டை, அத்தோட ஊரு முடிஞ்சு போச்சு. படமெல்லாம் அழகாத்தான் இருந்துச்சு, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நான் முத்தியால்பேட்டைல பொறந்து பக்கத்துத் தெருவுலயே வாக்கப்பட்டு இங்கயே இருக்குறவ, படிச்சு முடிச்சுட்டு எங்க வீட்டுக்காரர்கிட்ட இதுல நம்ம ஊரு எங்கங்க இருக்குன்னு கேட்டேன், கடைசி வரியில பஸ் ஸ்டாண்டுன்னு ஒரு வார்த்தை வருது பாரு அதுதான் நம்ம பங்குன்னாரு. அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டிக்குங்க, ஆனா கடல் பத்தி எழுதுனதை மட்டும் வெட்டாதீங்க.

எங்க வீட்டுக்கு லீவு விட்டா சொந்தக்காரங்க வராம இருக்க மாட்டாங்க. சென்னைல இருந்து ஓரகத்தி குடும்பம், பெங்களூர்ல ஐடி வேலை பாக்குற அக்கா பசங்க, அவங்களோட ஃபிரெண்ட்ஸ், ஃபிரெண்டோட ஃபிரெண்டுன்னு யாராவது வந்துட்டே இருப்பாங்க. எல்லாரும் போற இடம் ஒண்ணே ஒண்ணுதான், கடலை ஒட்டி பிரெஞ்சுக்காரங்க இருந்த ஒயிட் டவுன். அங்கயும் நாலஞ்சு தெரு, டூமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரேன் வீதி, அதுக்குள்ளயே சுத்திச் சுத்தி போட்டோ எடுத்துட்டு பீச் ரோட்டுக்குப் போயிடுவாங்க. அதையும் தமிழ் ஆளுங்க பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வான்னா, அங்க என்ன சித்தி இருக்கு, கடைத்தெருதானேன்னு கேக்குறாங்க. அந்தப் புள்ளைங்களைத் திட்டி என்ன பண்றது, அவங்க பாக்குற எல்லாத்துலயும் கிழக்குப் பக்கம் மட்டும்தானே வருது.

ஒயிட் டவுன் நல்லா இல்லன்னு சொல்ல வரல. காலைல ஆறு மணிக்கு டூமாஸ் வீதில நடந்து பாருங்க, மனசு லேசாயிடும். ஆனா அங்க நிக்கறது பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்து ஊரு இல்லங்கறது நெறைய பேருக்குத் தெரியாது. 1761ல இங்கிலீஷ்காரன் பாண்டியைப் பிடிச்சதும் கோட்டையையும் கட்டடங்களையும் இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டான், திரும்ப 1765ல பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்தப்புறம்தான் எல்லாம் மறுபடியும் எழும்புச்சு, இப்ப நீங்க முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறதுல பெரும்பாலும் அதுக்கும் ரொம்பப் பின்னாடி வந்த கட்டடங்க. ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா நேரா இருக்குற தெருக்களைப் பாத்து பிரெஞ்சுக்காரன் மூளையே மூளைன்னு சொல்றாங்க இல்ல, அந்தத் தெரு அமைப்பு டச்சுக்காரங்க 1693லேந்து 1699 வரைக்கும் ஊரை வச்சிருந்தப்ப போட்ட வரைபடத்துலயே இருக்கு. அதே மாதிரி மணக்குள விநாயகர், பிரெஞ்சுக்காரங்க வர்றதுக்கு முன்னாடிலேந்து அங்க உக்காந்திருக்காரு. (அந்தக் கோயில் யானை லட்சுமி எங்கன்னு இன்னமும் வந்து கேக்குறாங்க, அது 2022 நவம்பர்ல வாக்கிங் போறப்ப விழுந்து செத்துப்போச்சு, அன்னைக்கு ஊரே தெருவுல நின்னு அழுதுச்சு.)

இப்ப மேற்கே வாங்க. வாய்க்காலைத் தாண்டுனா கால்வே சுப்புராய செட்டியார் தெருன்னு ஒண்ணு இருக்கு, பழைய பேரு வைசியாள் வீதி. அங்க வீட்டு வாசல்ல தெருவை ஒட்டி மரத்தூண் நட்டு ஓடு போட்டு ஒரு தாழ்வாரம் இறக்கியிருப்பாங்க, போறவங்க வர்றவங்க வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கறதுக்கு, அதுக்கு உள்ள திண்ணை, திண்ணையைத் தாண்டி கதவு, கதவைத் தாண்டி முற்றம். ஒயிட் டவுன்ல தெருவைப் பாத்து மதில் சுவரும் பெரிய கேட்டும்தான் இருக்கும், தோட்டம் துறவு எல்லாம் உள்ள. இங்க வீடே பாதி தெருவுக்குக் கொடுத்த மாதிரி இருக்கும். இன்னொண்ணு கவனிச்சுப் பாருங்க, கீழ தளம் பக்காத் தமிழ் வீடு, தாழ்வாரம் திண்ணை மரத்தூண், தலையைத் தூக்கி மேல பாத்தா மாடியில வளைவு ஜன்னல், சுண்ணாம்புத் தூண், பிரெஞ்சு வேலைப்பாடு. ரெண்டும் ஒண்ணா ஒட்டுன இந்த வீடுதான் பாண்டிக்குன்னே இருக்குற விஷயம். மஞ்சச் சுவத்தை யார் வேணா எங்க வேணா பெயின்ட் அடிச்சுக்கலாம், சென்னைல காபி கடைக்காரங்க அடிச்சும் வச்சிருக்காங்க. அந்தத் தெருவை பழைய கட்டடங்களைக் காப்பாத்துற இன்டாக் அமைப்பும் நம்ம அரசும் சேர்ந்து ஐரோப்பிய யூனியன் பண உதவியோட சீர் பண்ணாங்க, 2008ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் மரபு விருதே கிடைச்சுச்சு. இந்தத் தெருவைப் பத்தி உங்க பக்கத்துல ஒரு வரி இல்ல சார்.

பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதில ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இருக்கு. டூப்ளேக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, 1736லேந்து 1761 வரைக்கும் தமிழ்ல டைரி எழுதுனவரு. கப்பல் எப்ப வந்துச்சு, யாரு யாருக்கு லஞ்சம் கொடுத்தா, கவர்னர் பொண்டாட்டி என்ன சொன்னா, மிளகு என்ன விலை, எல்லாம் அதுல இருக்கு. 1748ல பழைய வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்ச கதையையும் அவரு வயிறெரிஞ்சு எழுதி வச்சிருக்காரு, அந்தக் கோயில் இருந்தது மிஷன் வீதில இப்ப சம்பா கோயில்னு சொல்ற சர்ச் இருக்குற இடத்துக்குப் பக்கத்துல. சம்பா கோயில் வாசல்ல நின்னு செல்ஃபி எடுக்குற யாருக்காவது இது தெரியுமா, சர்ச்சும் அழகுதான், நானும் மெழுகுவத்தி ஏத்துறவதான், ஆனா தெரிஞ்சுட்டுப் பாத்தா அந்தத் தெருவே வேற மாதிரி தெரியும். பிள்ளை 1761 ஜனவரில இறந்தாரு, அதுக்கு நாலே நாள்ல ஊரு இங்கிலீஷ்காரன்கிட்ட விழுந்துச்சு. அந்த வீட்டுலயும் அதே கதைதான், கீழ தமிழ் மரத்தூணு, மேல பிரெஞ்சுத் தூணு.

அங்கேந்து நடந்தே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி போயிடலாம், பாரதியார் குடியிருந்த வீடு, இப்ப நினைவு இல்லம். 1908ல இங்கிலீஷ்காரன் பிடிப்பான்னு தப்பிச்சு, பிரெஞ்சு ஆட்சில இருந்த இங்க வந்தவரு பத்து வருஷம் இந்த ஊருல இருந்தாரு, 1918ல எல்லை தாண்டுன உடனே கடலூர் பக்கத்துல வச்சுப் பிடிச்சுட்டாங்க. அரவிந்தர் 1910ல வந்ததும் அதே காரணத்துக்குத்தான், வ.வே.சு. அய்யர் வந்ததும் அதுக்குத்தான். அதாவது இந்த ஊரு அன்னைக்கு லீவுக்கு வர்ற ஊரு இல்ல, தலைமறைவா இருக்க வர்ற ஊரு. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதில இருக்கு, அதுவும் மியூசியம்தான். பாரதி பாட்டு எழுதுன குயில் தோப்பு எங்க முத்தியால்பேட்டையைத் தாண்டுனா கருவடிக்குப்பம் சித்தானந்த சாமி கோயில் பக்கத்துல. தமிழ் பேப்பர் படிச்சுட்டு தமிழ் ஆளுங்க டூர் வர்றாங்க, இந்த மூணு இடமும் லிஸ்ட்ல இல்ல, ஆனா எந்தக் கடையில பிரெஞ்சு ரொட்டி நல்லா இருக்கும்னு அரைப் பக்கம் இருக்கு. ரொட்டி நல்லாத்தான் இருக்கும், சாப்பிடட்டும், ரெண்டையும் போடுங்கன்னுதான் சொல்றேன்.

அதோட காஜியார் வீதி, முல்லா வீதி பக்கம் முஸ்லிம் தெருக்கள், அங்க வீட்டுக் கதவுகளுக்காகவே ஒரு தடவை போகலாம்.

எங்க பேட்டைல அந்தக் காலத்துல தறி ஓடாத தெரு கம்மி. பாண்டில நெய்து நீலச்சாயம் போட்ட துணி பிரெஞ்சுக் கப்பல்ல ஏறி ஆப்பிரிக்காவுல செனகல் வரைக்கும் போச்சு, அங்க அதைக் காசு மாதிரியே வச்சுப் பொருள் வாங்குவாங்களாம். ஜனங்களையும் இங்கேந்து கப்பல்ல ஏத்துனாங்க, ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளா. பிரெஞ்சுக்காரங்க ஆட்சில அழகான வீடும் நல்ல ஒயினும் மட்டும்தான் இருந்த மாதிரி ஒரு கதை ஓடிட்டு இருக்கு இல்ல, அதனால இன்னொண்ணையும் சொல்றேன். 1936 ஜூலை 30ந் தேதி சவானா மில்லுல வேலை நிறுத்தம் பண்ண தொழிலாளிங்களை பிரெஞ்சு போலீஸ் சுட்டுச்சு, 12 பேர் செத்தாங்க. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமைல நடந்த அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் எட்டு மணி நேர வேலைங்கற சட்டம் இங்க வந்துச்சு, வருஷா வருஷம் ஜூலை 30 இங்க தியாகிகள் நாள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14க்கு, பிரெஞ்சு ராணுவத்துல இருந்த சொல்தா தாத்தாங்க மெடல் குத்திக்கிட்டு பீச் ரோட்டு போர் நினைவுச் சின்னத்துல அணிவகுப்பு நடத்துறதை எல்லா டிவிலயும் காட்டுறாங்க, காட்டட்டும், எங்க தெருவுலயே சொல்தா குடும்பம் இருக்கு நல்ல மனுஷங்க. பதினாறு நாள் கழிச்சு வர்ற இன்னொரு நாளுக்கு எந்த கேமராவும் வர்றதில்ல.

இப்ப பீச்சுக்கு வரேன். பாண்டி பீச்சுன்னு வண்டி பிடிச்சு வந்து இறங்குனதும் நெறைய பேர் கேக்குற மொதல் கேள்வி, மணல் எங்கன்னுதான். உங்க பக்கத்துல அதுக்கு ராக் பீச்னு பேரு போட்டு, பாறைகள் நிறைந்த கடற்கரைன்னு எழுதியிருந்தீங்க, ஏதோ இயற்கையே பாறை வச்ச மாதிரி. சார், அந்தக் கருங்கல்லு எல்லாம் லாரில கொண்டாந்து கொட்டுனது. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப சோலை நகர்லயும் வைத்திக்குப்பத்துலயும் மணல்ல ஓடி கால் வலிச்சுத்தான் தண்ணிக்குப் போவோம், அவ்வளவு அகலம், கட்டுமரம் எல்லாம் மேல வரிசையா ஏத்தி வச்சிருப்பாங்க. 1980கள் கடைசியில அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேர்ற இடத்துல துறைமுகம் கட்டுறேன்னு கடலுக்குள்ள கல்லுச் சுவர் ரெண்டு நீட்டுனாங்க. இந்தக் கரையில வருஷத்துல முக்கால்வாசி மாசம் அலை தென்கிழக்குலேந்து சாய்வா வந்து மோதும், மோதி மோதி மணலைத் தெற்கேந்து வடக்கே நகத்திக்கிட்டே போகும், வடகிழக்குப் பருவமழை மாசத்துல மட்டும் திரும்பி கொஞ்சம் தெற்கே போகும். நடுவுல சுவர் வந்து நின்னதும் வர்ற மணல் தெற்குப் பக்கமே தேங்கிடுச்சு, வடக்கே வரல. ஆனா அலை மட்டும் நிக்கல, அது இருக்குற மணலை எடுத்துக்கிட்டு போயிட்டே இருந்துச்சு. பத்துப் பதினஞ்சு வருஷத்துல ஊரு பீச்சு காலி.

தேங்குற மணலை எடுத்து வடக்குப் பக்கம் கொட்டிட்டே இருக்கணும்னு திட்டத்துலயே இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க, அது ஒழுங்கா நடக்கல. ரோட்டைக் காப்பாத்த கல்லு கொட்டுனாங்க, கல்லு கொட்டுன இடத்துல ரோடு நின்னுச்சு, அதுக்கு அடுத்த குப்பத்துல மணல் போச்சு, அங்க கொட்டுனாங்க, அதுக்கு அடுத்த குப்பம். இப்படியே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி தமிழ்நாட்டு எல்லைக்குள்ள தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரைக்கும் போயிடுச்சு. கடலுக்கு எல்லை தெரியாது, துறைமுகம் கட்டுனது புதுச்சேரி, வீடும் வலை காயப்போடுற இடமும் போனது விழுப்புரம் மாவட்டத்துக்காரங்களுக்கு. உங்க பக்கத்துல செரினிட்டி பீச், சர்ஃபிங் பண்ணலாம்னு போட்டிருக்கீங்களே அது இந்த தந்திராயன்குப்பம்தான். சர்ஃபிங் பண்ணட்டும். பக்கத்துல கல்லு ஏன் கெடக்குன்னு அந்தக் குப்பத்துப் பெரியவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதுக்கு எதிர்ப்பக்கம் வீராம்பட்டினம் போய்ப் பாருங்க, துறைமுகத்துக்குத் தெற்கே, மணல் தாராளமா கெடக்கும். பாரடைஸ் பீச்சும் தெற்குப் பக்கம்தான், அதனாலதான் அங்க மணல் இருக்கு. மாசி மகத்துக்கு மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார்னு சுத்துப்பட்டு சாமி எல்லாம் வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும், முன்னாடி எல்லா சாமியும் மணல்ல வரிசையா நிக்கறதுக்கு இடம் இருந்துச்சு, ஜனம் அது பாட்டுக்கு உக்காந்து சோறு கட்டிட்டு வந்து சாப்பிடும். இப்ப நெருக்கியடிச்சுட்டு நிக்க வேண்டியதுதான்.

நல்லதும் நடந்திருக்கு, அதையும் சொல்லணும். சென்னைல இருக்குற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்காரங்க தலைமைச் செயலகம் பக்கத்துல தண்ணிக்கு அடியில ஒரு பெரிய இரும்புக் கட்டுமானத்தை இறக்கி, அதுக்குள்ள கல்லு போட்டு அலையோட வேகத்தைக் கொறைச்சாங்க. 2018க்கு அப்புறம் அங்க மணல் சேர ஆரம்பிச்சு, இப்ப பசங்க மறுபடியும் மணல் வீடு கட்டுறாங்க. முப்பது வருஷம் கழிச்சு அந்த இடத்துல மணலை மிதிச்சப்ப எங்க மாமியார் செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாங்க. காந்தி சிலை முன்னாடி நின்னு இது புது மணல்னு எத்தனை டூரிஸ்டுக்குத் தெரியும். (அந்த சிலையைச் சுத்தி நிக்குற எட்டு கருங்கல் தூணும் செஞ்சிலேந்து வந்தது, அதையாவது எழுதியிருக்கலாம்.)

கடல் பத்தி இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம். கருங்கல்லு மேல பாசி பிடிச்சு வழுக்கும், ஈரமா இருக்கறப்ப கீழ எறங்குனா கால் கல்லு இடுக்குல மாட்டிக்கும், ஒரு பெரிய அலை வந்தா முடிஞ்சுது. ரெண்டு பீரைக் குடிச்சுட்டு நீச்சல் தெரியும்னு இறங்குற காலேஜ் பசங்க வருஷா வருஷம் போறாங்க, மீனவர்தான் படகை எடுத்துட்டு ஓடணும். போர்டு வச்சிருக்கு, யாரும் படிக்கறதில்ல. உங்க பக்கத்துல சரக்கு விலை கம்மின்னு ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்க, அதே அளவுல கடல்ல இறங்காதீங்கன்னும் ஒரு கட்டம் போட்டா புண்ணியமாப் போகும். அப்புறம் நவம்பர் டிசம்பர்ல சீசன்னு கெளப்பி விடாதீங்க. 2024 நவம்பர் 30ந் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்ப ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, எங்க தெருவுல முழங்கால் தண்ணி, அன்னைக்கும் ரூம் போட்டுட்டோம் என்ன பண்றதுன்னு ஒரு குடும்பம் சூட்கேஸை தலையில வச்சுட்டு நின்னாங்க.

தங்குறது பத்தி ஒரே ஒரு வார்த்தை. எங்க அக்கா பையன் போன பொங்கல் லீவுக்கு ஒயிட் டவுன்ல ஒரு இடத்துல ரூம் போட்டான், ஹெரிடேஜ்னு பேரு, போய்ப் பாத்தா பழைய மர உத்தரத்தை மறைச்சு பிளைவுட் அடிச்சு ஏசி மாட்டியிருக்கான், வாடகை மட்டும் ஹெரிடேஜ். யாருன்னு சொல்லல. அதே சமயம் வாய்க்காலுக்கு மேற்கே முற்றம் வச்ச வீட்டை அப்படியே காப்பாத்தி நாலு ரூம் விட்டு நடத்துறவங்களும் இருக்காங்க, அங்க காலைல இட்லியும் வடகறியும் கெடைக்கும், தெருவுல பூக்காரம்மா சத்தம் கேக்கும்.

ஏன் இதை இவ்வளவு சொல்றேன்னா, ஒயிட் டவுன் பக்கம் வீடு இடிஞ்சா கேக்க ஆள் இருக்கு. பீச் ரோட்டுல மேரிங்கற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில மொத்தமா சரிஞ்சு விழுந்துச்சு, எல்லா பேப்பர்லயும் வந்துச்சு, அதே மாதிரியே திரும்பக் கட்டி 2021ல திறந்துட்டாங்க, சந்தோஷம். எங்க பக்கம் ஒரு தாழ்வார வீடு இடிஞ்சா யாருக்கும் தெரியாது. அண்ணன் தம்பி நாலு பேருக்கு பாகம் பிரிக்கணும், மர உத்தரத்து மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் ஒழுகுது, அதை ரிப்பேர் பண்ண சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கெடைக்க மாட்டாரு, கெடைச்சா கூலி கட்டுப்படியாகாது, இடிச்சுட்டு மூணு மாடி கட்டி கீழ செல்போன் கடைக்கு விட்டா மாசம் வாடகை வரும். நான் அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், எங்க பெரியப்பா வீடும் அப்படித்தான் போச்சு, நிலைக்கதவை மட்டும் பழைய சாமான் கடைக்காரன் வந்து தூக்கிட்டுப் போனான், அது இப்ப எந்த ரெஸ்டாரண்ட்ல டேபிளா இருக்கோ. ஆனா தாழ்வாரம் வச்ச வீட்டைப் பாக்க நாலு பேர் வர்றாங்க, காசு கொடுத்துத் தங்குறாங்கன்னா ஒருத்தராவது இடிக்கறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க இல்ல. ஒயிட் டவுன்ல அதுதானே நடந்துச்சு, அங்கயும் ஒரு காலத்துல இடிச்சுட்டுத்தான் இருந்தாங்க.

அரிக்கமேடு பத்தியும் சொல்லியே ஆகணும். ஊருலேந்து தெற்கே அரியாங்குப்பம் ஆத்தங்கரைல, ஆட்டோல போனா கொஞ்ச நேரம்தான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமானியங்களோட வியாபாரம் நடந்த இடம், மார்ட்டிமர் வீலர்ங்கற தொல்லியல்காரர் 1945ல தோண்டி ரோமானிய மது ஜாடித் துண்டு, இத்தாலில செஞ்ச மண்பாண்டம் எல்லாம் எடுத்தாரு, கிரேக்கக் குறிப்புல வர்ற பொதுகே துறைமுகம் இதுதான்னு சொல்வாங்க. மணி செய்யற தொழில் இங்க பெருசா நடந்திருக்கு, கண்ணாடி மணி, கல்லு மணி. இதெல்லாம் சொல்லி ஆளை அனுப்பிடாதீங்க, முன்கூட்டியே ஒண்ணு எச்சரிக்கணும், அங்க போனா பாக்க பெருசா ஒண்ணும் இருக்காது. தோண்டுன குழியை எல்லாம் மண்ணு போட்டு மூடியாச்சு, மாந்தோப்புக்குள்ள நிக்குற செங்கல் சுவரைப் பாத்து ரோமன் கட்டடம்னு ஆளுங்க போட்டோ போடுறாங்க, அது பதினெட்டாம் நூற்றாண்டுல பிரெஞ்சுப் பாதிரிமாரு கட்டுனது. தோண்டி எடுத்த சாமான்ல கொஞ்சம் பாரதி பூங்கா பக்கத்துல செயின்ட் லூயி வீதி மியூசியத்துல இருக்கு, மொதல்ல அதைப் பாத்துட்டு அப்புறம் மேட்டுக்குப் போனாத்தான் ஏதாவது வெளங்கும். நான் பள்ளிக்கூடத்துல டூர் போனப்ப எங்க டீச்சர் மாந்தோப்பைக் காட்டி இங்கதான் கப்பல் வந்து நிக்கும்னு சொன்னாங்க, நாங்க எல்லாம் ஆத்தைப் பாத்துட்டு சிரிச்சோம்.

அந்தப் பக்கமே போறவங்க ஆடி மாசம் அஞ்சாவது வெள்ளிக்கு வந்தா வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரையும் பாக்கலாம். பிரெஞ்சு ஆட்சில கவர்னர் வந்து வடம் பிடிச்சுக் கொடுப்பாரு, இப்ப துணைநிலை ஆளுநர் வந்து அதையே பண்றாரு. பிரெஞ்சு மரபுன்னா ரொட்டியும் ஒயினும் மட்டும் இல்ல, இதுவும்தான்.

ஒயிட் டவுன்ல குடியிருக்குறவங்க சார்பாவும் ஒண்ணு சொல்லிடறேன், அங்க என் ஃபிரெண்டு ஒருத்தி இருக்கா, வயசான அம்மாவோட. அவ வாசப்படில கல்யாண போட்டோ எடுக்கறதுக்கு ஜோடிங்க காலைல அஞ்சரைக்கே வந்து நிக்குறாங்க, பால் வாங்க கதவைத் திறந்தா கொஞ்சம் தள்ளிக்குங்க ஆன்ட்டி ஃபிரேம்ல வர்றீங்கன்னு கேமராமேன் சொல்றானாம். அவ வீட்டு வாசல்ல.

நீங்க அடுத்த தடவை பாண்டி பக்கம் போடறதா இருந்தா நிருபரை ஒரு நாள் வாய்க்காலுக்கு மேற்கே அனுப்புங்க. காலைல ஏழு மணிக்கு பெரிய மார்க்கெட்ல ஆரம்பிச்சா வெயில் ஏறதுக்குள்ள ரங்கப்பிள்ளை வீதி, வைசியாள் வீதி, பாரதி வீடு, பெருமாள் கோயில் வீதி எல்லாம் நடந்தே முடிச்சுடலாம், பத்து மணிக்கு மேல ஆட்டோ பிடிச்சு வைத்திக்குப்பம், அப்புறம் துறைமுகம் தாண்டி வீராம்பட்டினம், ரெண்டு கரையையும் ஒரே நாள்ல பாத்தா நான் மேல எழுதுனது தானாப் புரியும். ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம், காந்தி வீதில சண்டே மார்க்கெட் கூட்டத்துல மாட்டிக்குவாரு, சாயங்காலம் சென்னை பஸ்ல சீட்டும் கெடைக்காது. செவ்வாய் புதன்ல வரச் சொல்லுங்க, மதியச் சாப்பாடு எங்க வீட்டுல.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி